எடுத்துக்காட்டுகளில் வரும் பெண்

அக்டோபர் 14, செவ்வாய்

அடுத்த செவ்வாய்க்கிழமை என் மனைவி லீதியாளுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை. தைராய்டுச் சுரப்பியின் இடப்பாதியில் ஒரு கட்டி. அதுவரையிலும் அதற்குப் பின்னரும் மனம் ஒழுங்கில் நிற்பதற்காக, அன்றன்றைய வேலையை அன்றன்றே எழுதிவைப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். உணர்ச்சிகளைப் பதிவது நோக்கமன்று.

வேலை இது. தமிழ்நாட்டிலிருந்து பின்லாந்தின் முதியோர் இல்லங்களுக்கு வரும் செவிலியருக்காக இங்குள்ள பயிற்சி மையம் ஒரு வினைச்சொல் கையேடு தயாரிக்கிறது. ஓர் ஆங்கில வினை, அதன் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பின்னியச் சொல், தமிழ் விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இப்போது செவிலியான மனைவியோடு நீண்ட விடுப்பில் இங்கு வந்திருக்கும் எனக்கு 'கெட்' என்ற சொல் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

மருந்து வாங்குவதும், தண்ணீர் கொண்டுவருவதும், வீடு போய்ச் சேர்வதும், நனைவதும், கோபமடைவதும், படுக்கையிலிருந்து எழுவதும் ஆங்கிலேயருக்கு ஒரே சொல். பின்னியருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. ஆங்கிலேயர் ஒரே பையில் அள்ளிப் போட்டதை நான் பிரித்து அடுக்க வேண்டும். இதைவிட எனக்கு உகந்த வேலை இருக்க முடியாது, அளித்தவர்களுக்கு நன்றி.

எடுத்துக்காட்டுகளுக்கு நானே மூன்று விதிகள் வகுத்து அனுப்பினேன். மையத்தின் பொறுப்பாளர் ரீத்தா ஏற்றுக்கொண்டார். வாக்கியம் செவிலியர் பணிக்குப் பயன்பட வேண்டும். உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும், கற்பனை கூடாது. எந்தத் தனிமனிதரையும் பற்றியதாக இருக்கக் கூடாது.

கடையிலிருந்து திரும்புகையில் படிக்கட்டில் வைத்து இவற்றை லீதியாளுக்குச் சொன்னேன்.

"நடந்ததா இருக்கணும், ஆனா யாருக்கும் நடந்திருக்கக் கூடாது. நல்லாருக்கு ஒங்க சட்டம்!" என்று சிரித்தாள். மூன்று மாடிகளும் எதிரொலித்தன.

"மெதுவா. இது பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு இல்ல."

"பஸ் ஸ்டாண்டுல நான் கூப்ட்டா பஸ்ஸே நிக்கும், தெரியும்லா?"

படிக்கட்டில் உரக்கப் பேசலாகாது என்று குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு கீழே தொங்குகிறது. அதைத் தமிழாக்கி எங்கள் கதவின் உட்புறத்தில் செப்டம்பர் மாதமே ஒட்டியிருக்கிறேன். பயனில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் அழைத்துச் சென்றார்கள். கட்டிலோடு நகர்ந்துகொண்டே, "குக்கர்ல ரசம் இருக்கு, சூடாக்கிக் குடிங்க" என்று தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள். இருக்கைகளில் அமர்ந்திருந்த பின்னியர் அனைவரும் நிமிர்ந்து பார்த்தனர்.

பிற்பகலில், நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

அக்டோபர் 22, புதன்

குரல் வரவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

அறுவை மருத்துவர் ஓர் இளம் பெண். படம் வரைந்து விளக்கினார். கட்டி கெடுதலானதன்று, இது முதற்செய்தி, இதற்காக முழங்காலிட்டு நன்றி செலுத்தினேன். இரண்டாவது செய்தி: குரல்நாணை இயக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே செல்கிறது. அது அறுபடவில்லை, ஆனால் அசைவுற்றதில் செயலிழந்திருக்கிறது. இடப்பக்கக் குரல்நாண் அசையாமல் நிற்பதால் இரண்டும் சேர்வதில்லை. காற்று மட்டும் வெளியேறுகிறது.

"திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலானவர்களுக்கு வருகிறது. சில வாரங்களில் வரலாம், சில மாதங்கள் ஆகலாம். வராமலும் போகலாம். இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவருக்கு மதிப்புடன் நன்றி கூறினேன். லீதியாளும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். துருத்தியில் ஓட்டை விழுந்தாற்போலக் காற்றுதான் வந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 29, புதன்

வீட்டில் இருக்கிறோம். நிலைமையைத் தொகுத்துக்கொள்வது நல்லது.

லீதியாள் பணிபுரிவது நாற்பது முதியோர் வாழும் இல்லம். பாதிப் பேருக்குக் காது மந்தம். பின்னியர் பேசுவது ஏரிப்பனி உருகுவதுபோல, உதடு தாண்டாது. ஆகவே இவளுடைய குரல் அங்கே ஒரு குறையன்று, தகுதி. ஐலா என்னும் தொண்ணூற்றொரு வயது அம்மையார் இவளைத் தவிர எவர் பேசினாலும் கேட்கவில்லை என்பாராம். தகுதிகாண் காலம் ஜனவரி இறுதிவரை. அவள் வேலை உறுதியானால் நாங்கள் இங்கிருப்போம், இல்லையேல் இல்லை. குரலின்றி அந்த வேலை நடவாது.

மருத்துவர் கிசுகிசுத்துப் பேசுவதைத் தடை செய்திருக்கிறார். மெல்லப் பேசிப் பழக அனுமதி உண்டு. ஆனால் இவள் ஒரே ஒருமுறை "தண்ணி" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அதன்பின் வாயே திறப்பதில்லை. கைப்பேசியில் தட்டெழுதிக் காட்டினாள்: 'இது என் சத்தம் இல்ல. யாரோ செத்தவ பேசுத மாரி இருக்கு.'

சமையலறையிலிருந்து என்னை அழைக்கக் கரண்டியால் குக்கர் மூடியைத் தட்டுகிறாள். ஒருமுறை தட்டினால் வர வேண்டும். இரண்டு என்றால் வேண்டாம். இடைவிடாது தட்டினால் நான் ஏதோ தவறு செய்துகொண்டிருக்கிறேன் என்று பொருள். இது ஒழுங்கான முறை. எனக்கு வசதியாகவே இருக்கிறது.

வீடு அமைதியாக இருப்பதால் வேலை விரைவாக நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. வானொலியைப் போட்டுவைத்திருக்கிறேன், பின்னிய உச்சரிப்புப் பயிற்சிக்காக.

நவம்பர் 2, ஞாயிறு

ஜாஸ்பின் வந்தாள். நாகர்கோவில் பெண், லீதியாளுடன் அதே இல்லத்தில் பணிபுரிபவள். மீன் குழம்பும் ஒரு தூக்குச் சட்டி நிறையச் சோறும் கொண்டுவந்தாள்.

"அக்கா இல்லாம அங்க ஒரே அமைதி. எனக்குப் பயமா இருக்கு, கல்லறத் தோட்டத்துல நிக்குத மாரி." என் மேசையைப் பார்த்து, "அண்ணே, கெட்டுக்கு இத்தனை அர்த்தமா? நம்ம ஊர்ல கெட்டா ஒரே அர்த்தம்தான்!" என்றாள்.

லீதியாள் தோள் குலுங்கச் சிரித்தாள். ஒலியே இல்லை. ஜாஸ்பின் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

புறப்படும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "ஐலாப் பாட்டி தெனமும் கேக்காவ, அந்தக் கத்துத பிள்ளை எங்கன்னு. அக்காட்ட சொல்லாதிய, வெசனப்படுவாவ" என்றாள்.

அந்தக் குழம்பை இரண்டு நாள் உண்ணலாம். ஜாஸ்பினுக்கு நன்றி. என் சமையலில் கடுகு தாளிக்கும் ஒவ்வொரு முறையும் கூரையிலுள்ள புகை அலாரம் அலறுகிறது. கீழ்வீட்டுப் பெக்கா முதல் நாள் ஓடி வந்தார், இப்போது நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, "சாப்பாடு ஆயிற்றா?" என்று மறுநாள் கேட்கிறார்.

நவம்பர் 8, சனி

முதற்பகுதியை ரீத்தாவுக்கு அனுப்பினேன். சில பதிவுகளை நினைவுக்காக இங்கே எழுதுகிறேன்.

பெறுதல் என்னும் பொருளுக்கு 'ஸாட': அவள் தன் மருந்தைப் பெற்றாள்.

விரும்பாத இடத்திற்குப் போய்ச் சேர்தல், 'யொவ்துவா': அவள் மருத்துவமனையில் சேர நேர்ந்தது.

விரும்பிய இடத்திற்குச் செல்ல வாய்த்தல், 'பேஸ்தா': அவள் வீடு திரும்பினாள்.

இந்த இரண்டையும் ஆங்கிலம் வேறுபடுத்துவதில்லை. மருத்துவமனைக்குப் போனதும் 'கெட்', வீட்டுக்கு வந்ததும் 'கெட்'. பின்னிய மொழியோ, நீ கேட்டுப் போனாயா, தள்ளப்பட்டுப் போனாயா என்று வினைச்சொல்லிலேயே விசாரிக்கிறது. இத்தகைய நுண்மை உடைய மொழியைக் கற்க வாய்த்ததற்கு நன்றியுணர்வே மேலிடுகிறது.

பழகிக்கொள்ளுதல், 'தொத்துவா': அவள் இருட்டுக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

கோபமடைதல், 'ஸூத்துவா': அவள் எளிதில் கோபமடைகிறாள்.

பதினேழாம் பொருள் மட்டும் நிரப்பப்படவில்லை. இழந்ததைத் திரும்பப் பெறுதல். பின்னியச் சொல் தெரியும், எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ரீத்தாவின் மறுமொழி. இங்கு அனைவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே அழைக்கின்றனர்; அவர் என்னை 'வேதமாணிக்கம்' என்று எழுதுகிறார். என்னால் அவரை அவ்வாறு அழைக்க இயலவில்லை. 'மதிப்பிற்குரிய ரீத்தா' என்பதில் நின்றிருக்கிறேன்.

அவர் எழுதியது: "வேலை மிகத் துல்லியம். ஒரே ஒரு கேள்வி. மருந்து வாங்கி, மருத்துவமனைக்குப் போய், வீடு திரும்பி, மழையில் நனைந்து, இருட்டுக்குப் பழகி, எளிதில் கோபப்படுகிற இந்த மனிதர் யார்? உங்களுடைய மூன்றாம் விதியின்படி இவர் எவருமாக இருக்கக் கூடாது. ஆனால் எனக்கு இவரைத் தெரியும்போல் இருக்கிறது."

விளக்கம் அனுப்பினேன். பின்னிய மொழியின் 'ஹேன்' அவனையும் அவளையும் ஒருங்கே குறிக்கும். தமிழ்ப் பத்தியில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முதியோர் இல்லவாசிகளில் பெண்களே மிகுதி, ஆகையால் 'அவள்'. வேறு காரணம் இல்லை.

பின்னர் என் பதிவுகளை மறுபடி படித்தேன். முப்பத்தொரு எடுத்துக்காட்டுகள்.

நவம்பர் 15, சனி

எல்லாவற்றையும் மாற்றுகிறேன். 'அவள்' என்பதற்குப் பதிலாக 'முதியவர் ஒருவர்'.

நவம்பர் 19, புதன்

முதியவர் ஒருவர் மருந்தைப் பெற்றார். முதியவர் ஒருவர் நனைந்தார். முதியவர் ஒருவர் கோபமடைந்தார். விதிப்படி சரியாக உள்ளது. ஒருமுறை படித்தால் மறுமுறை படிக்கத் தோன்றாதவாறும் உள்ளது.

காலை எட்டரைக்கு விடிந்து மூன்றரைக்கு இருள்கிறது. உறக்கம் குறைவு. இருட்டின் விளைவு.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

லீதியாள் காலையில் கைப்பேசியை என் முன் வைத்தாள்: 'ஐலாவப் பாக்கணும். வாங்க.' ஜாஸ்பின் சொன்னதை நான் இவளிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஐலா அம்மையார் சன்னலோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் ஊசிகளை மடியில் போட்டுவிட்டு இரு கைகளையும் நீட்டினார். லீதியாள் வழக்கம்போல் குனிந்து, அவருடைய வலக்காதருகே வாயை வைத்து, ஏதோ சொன்னாள். ஒரு மாதத்தில் முதன்முறையாகப் பேசினாள். காற்று.

ஐலா காத்திருந்தார். பிறகு, "என்ன?" என்றார்.

லீதியாள் மறுபடி சொன்னாள். கழுத்து நரம்புகள் புடைத்தன.

ஐலா காதுக்கருவியைக் கழற்றினார். உள்ளங்கையில் தட்டினார். மின்கலத்தைத் தாமே நடுங்கும் விரல்களால் மாற்றிப் பொருத்திக்கொண்டார். "சொல்" என்றார். இவள் உதடுகள் அசைவதை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிற்று.

"போய்விட்டது" என்றார் ஜாஸ்பினைப் பார்த்து. "இவள் குரல் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. முழுச் செவிடு ஆகிவிட்டேன்."

பழுது அவர் காதில் இல்லை என்று ஜாஸ்பின் சைகையில் காட்டினாள். பின் தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்: அறுவை சிகிச்சை, குரல் இல்லை, உங்கள் காது நன்றாக இருக்கிறது. ஐலா படித்தார். படித்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினார்.

"நல்ல பெண்கள் நீங்கள். என் கணவர் இறக்கும்போது நானும் அவரிடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று."

கருவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். அழவில்லை; பின்னலை எடுத்துக்கொண்டார். அழுதது லீதியாள்தான்.

திரும்பும் பேருந்தில் அவள் என் தோளில் சாயவில்லை, சன்னல் பக்கமும் திரும்பவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு கைப்பேசியில் எழுதினாள்: 'எனக்குப் பேசணும்.'

நவம்பர் 24, திங்கள்

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் கற்பித்து, நான்கு வாரமாகத் தள்ளிப்போட்டுவந்த பயிற்சிகளை இன்று தொடங்கினாள். ஒரு பாட்டிலில் பாதி நீர். அதில் ஒரு ரப்பர்க் குழாய். குழாய் வழியாக ஊதிக்கொண்டே ஒலி எழுப்ப வேண்டும். குமிழிகள் வரும். குமிழிகளோடு குரலும் வர வேண்டும்.

குமிழிகள் வருகின்றன.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறாள். நான் தாழ்வாரத்தில் நின்று கேட்பது, பயிற்சி முறையாக நடைபெறுகிறதா என்று கண்காணிப்பதற்காக.

நவம்பர் 27, வியாழன்

ரீத்தா தொலைபேசியில் அழைத்தார். நாகர்கோவிலில் ஒரு வகுப்புக்குச் சோதனைக்காகக் கையேட்டின் பகுதிகளை அனுப்பியிருக்கிறார்கள். என் திருத்தம் போய்ச் சேருமுன் முதல் வடிவமே போய்விட்டதாம்.

"வேதமாணிக்கம், மற்ற வினைச்சொற்களில் மாணவிகளுக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. 'கெட்' மட்டும் ஏறத்தாழ முழுவதும் நினைவில் நின்றிருக்கிறது. ஏன் என்று ஆசிரியை கேட்டாராம். அவர்கள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்."

"என்ன கேள்வி?"

"'அந்த அம்மாவுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று?' பதினேழாம் வரிசை ஏன் காலியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம்."

நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பின்னியருடன் தொலைபேசுவதில் ஒரு நன்மை, எதிர்முனையிலும் அவசரமில்லை, அவரும் காத்திருந்தார்.

"மூன்றாம் விதியைத் தளர்த்தலாம் என்று நினைக்கிறேன்" என்றார். "பழைய வடிவமே இருக்கட்டும். ஆனால் பதினேழாம் வரியை நீங்கள் எழுதித் தர வேண்டும். டிசம்பர் இறுதிக்குள் அச்சுக்குப் போகிறது."

"நடக்காததை எழுத இயலாது. அது இரண்டாம் விதி."

"அதைத் தளர்த்தச் சொல்லவில்லை" என்றார் ரீத்தா. "ஹேன் யார் என்று இனி கேட்கவும் மாட்டேன். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்."

நன்றி என்பதற்குப் பின்னியத்தில் 'கீத்தோஸ்' என்று ஒரு சொல்தான் உண்டு. இரண்டு முறை சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

குமிழிகளுக்குள் இன்று ஒரு முனகல் கேட்டது. குழாயின் அதிர்வாகவும் இருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

டிசம்பர் 6, சனி

பின்லாந்தின் விடுதலை நாள். மாலையில் ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் இரண்டு மெழுகுவர்த்திகள் ஏற்றுகிறார்கள். பெக்கா எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்து தந்து, எந்தச் சன்னலில், எவ்வளவு நேரம் என்று விளக்கிச் சென்றார். ஆறு மணிக்கு ஏற்றி எட்டு மணிவரை. விதி தெளிவாக இருந்தால் எனக்குப் பிற நாட்டிலும் பிறந்த ஊர்போல் இருக்கிறது.

லீதியாள் ஏற்றினாள். பனியின் மேல் எதிர்வீடுகளின் சுடர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அவள் சன்னல் கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, ஆவிபடிந்த இடத்தில் விரலால் எழுதினாள்: 'நல்லா இருக்குல்லா.'

'ஆமாம்' என்று கீழே எழுதினேன். நான் பேசத் தடையில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜாஸ்பின் தொலைபேசியில் சொன்னது: ஐலா காதுக்கருவியைத் தொடுவதில்லை. உணவறைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். பிறர் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத் தம் அறையே மேல் என்கிறாராம். லீதியாளிடம் இதை மறைக்கவில்லை. மெழுகுவர்த்தி எரியும்போதே குழாயையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். இம்முறை குளியலறைக் கதவைச் சாத்தவில்லை.

டிசம்பர் 13, சனி

இன்று என் எழுத்து கோட்டில் நிற்கவில்லை. குளிர்.

நான் சமையலறையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். லீதியாள் உணவு மேசையில் இருந்தாள். ரீத்தா திருப்பி அனுப்பிய பழைய வடிவத்தின் அச்சுப்படி, நாகர்கோவில் ஆசிரியையின் குறிப்புகளோடு, அங்கே கிடந்தது. நான் எடுத்து வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். முதற்பக்கத்தைப் புரட்டுவது கேட்டது. இரண்டாம் பக்கம். அவள் பொறுமையாகப் படிப்பவள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பாள். எடுத்துக்காட்டுகளில் வருபவள் எவள் என்பதை எந்தப் பக்கத்தில் கண்டுகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. கரண்டி மேசையில் இரண்டு முறை தட்டியது. வேண்டாம் என்று பொருள். எது வேண்டாம் என்று விளங்காமல் கடுகைப் போட்டேன்.

அப்போது பின்னாலிருந்து:

"நானா?"

கரகரப்பாக, கீழே எங்கோ கிணற்றடியிலிருந்து இழுத்துவந்தது போல. ஆனால் காற்றன்று. குரல்.

திரும்பினேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தாளை எனக்கு நேராகப் பிடித்து, பன்னிரண்டாம் பொருளின் மேல் விரலை வைத்திருந்தாள். 'அவள் எளிதில் கோபமடைகிறாள்.'

"நானா... கோவப்படுதேன்? நானா?"

இரண்டாவது 'நானா' முதலாவதைவிடத் தெளிவாக இருந்தது. தான் பேசிவிட்டாள் என்பதை அவள் அறியவில்லை. நான் அறிவிக்கவும் இல்லை. அறிவித்தால் நின்றுவிடுமோ என்று அஞ்சினேன்.

"இல்ல" என்றேன்.

"எழுதி... அச்சடிச்சு... நாகர்கோயிலுக்கு வேற அனுப்பிருக்கிய!"

கடுகு கருகிப் புகை அலாரம் அலறத் தொடங்கியது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் தன் கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள்.

பெக்கா கதவைத் தட்டும்வரை இருவரும் அப்படியே நின்றிருந்தோம். கதவைத் திறந்தது நான். புகையினால் என் கண்களில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், உள்ளே அவளைப் பார்த்தார். ஒரு நாற்காலியில் ஏறி அலாரத்தை நிறுத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நன்றி சொல்ல மறந்துவிட்டேன். நாளை சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் எடுத்துக்காட்டு: சான்று கிடைத்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

பெக்காவுக்கு நன்றி சொன்னேன். "சாப்பாடு ஆயிற்றா?" என்றார்.

டிசம்பர் 17, புதன்

பேச்சுப் பயிற்சியாளர் கேட்டார், சோதித்தார். இடப்பக்கக் குரல்நாண் அசையத் தொடங்கியிருக்கிறது. முழுமையாவதற்கு வாரங்கள் ஆகும். பயிற்சியை விடக் கூடாது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து அரைநாள் வேலைக்குப் போகலாம். இல்லத்தின் மேலாளர், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இடம் உங்களுடையதுதான் என்று எழுதியிருக்கிறார்.

யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினேன். ஒழுங்குபடவில்லை. எல்லோரும் முதலிடத்தில் நிற்கிறார்கள்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆண்டின் மிகக் குறுகிய பகல் இது என்றார்கள். நாளை முதல் வளருமாம்.

ஐலா அம்மையாரின் அறைக்குச் சென்றோம். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பின்னலை எங்கும் காணவில்லை. லீதியாள் இழுப்பறையைத் திறந்தாள். காதுக்கருவியை எடுத்துத் துடைத்து, மின்கலத்தைப் பொருத்தினாள். ஐலா தலையை ஆட்டி மறுத்தார். இவள் அந்த மறுப்பை மதிக்காமல் அவர் காதில் மாட்டிவிட்டாள். செவிலியர் விதிப்படி இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு குனிந்தாள். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். வீட்டில் இத்தனை நாள் சேர்த்துவைத்த அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இறக்கினாள்:

"ஐலா!"

தாழ்வாரத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். ஜாஸ்பின் ஓடி வந்து வாசலில் நின்றாள்.

ஐலா அசையவில்லை. மெதுவாகத் திரும்பினார். லீதியாளின் வாயைப் பார்க்கவில்லை, கண்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"கத்தாதே பெண்ணே" என்றார். "நான் என்ன செவிடா?"

ஜாஸ்பின் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். லீதியாள் சிரித்தாள், கரகரவென்று, பழைய சிரிப்பில் பாதி. ஐலா படுக்கையில் எழுந்து உட்கார உதவி கேட்டார். உட்கார்ந்ததும், தம்முடைய பின்னலை யார் எடுத்து ஒளித்துவைத்தது என்று அதட்டினார்.

வீடு திரும்பியதும் பதினேழாம் வரியை எழுதி ரீத்தாவுக்கு அனுப்பினேன். 'ஹேன் ஸாய் ஏனென்ஸா தகாய்ஸின்.' அவள் தன் குரலைத் திரும்பப் பெற்றாள். மூன்று விதிகளில் ஒன்று மீறப்பட்டுள்ளது என்பதைக் கடிதத்தின் அடியில் முறையாகக் குறிப்பிட்டேன்.

இன்னும் ஒன்று எழுத விட்டுப்போயிற்று. பேருந்திலிருந்து இறங்கி எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்ததும் லீதியாள் தொடங்கினாள். ஐலாவின் முகம் போன போக்கு, ஜாஸ்பினின் முழி, நாளைக்கு வைக்க வேண்டிய குழம்பு, கடுகு தாளிக்கத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொண்டு தான் படும் பாடு. குரல் நடுவே உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி உரக்கத் தொடங்கினாள். முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. இரண்டாம் மாடியில் பெக்கா எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அறிவிப்பு அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாசகம் எனக்கு இரு மொழிகளில் மனப்பாடம்.

ஒரு படி பின்தங்கி, கேட்டுக்கொண்டே ஏறினேன்.